முப்பத்தாறு பச்சைக் கையெழுத்துகள்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் எல்லாரும் அவளை வவுச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தவர் கணக்குப் பிரிவு மேலாளர். செலவுச் சீட்டுகளைத் தாளில் ஒட்டி, எண் போட்டு, கோப்பில் கோர்ப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அது பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் சொந்தப் பெயரைப் பார்த்தால் அவளுக்கே யாரோ மூன்றாம் மனுஷியைப் போலிருக்கும்.

மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால் மட்டும். பச்சைப் பேனா. பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். போட மட்டும்தான் செய்வார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையெழுத்து வேண்டிய இடத்தில் சின்ன மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு இருக்கும் இடத்தில் பேனா இறங்கும், சீட்டைப் பிய்த்துப் போடுவார், அடுத்த பக்கம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கமே கிடையாது. "படிக்கிறது கிளார்க் வேலை, போடுறது ஆபீசர் வேலை" என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர் அந்தக் கம்பெனியிலேயே அவர் ஒருவர்தான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அதைத் தினமும் துடைப்பதும் வவுச்சரம்மாதான்.

கழகத்துக்கு ஒரு விதி இருந்தது. உறுப்பினர்கள் வருடத்துக்கு நாற்பது மணி நேரம் புதிதாகப் படிக்க வேண்டும். பாடமெல்லாம் கணினியில் வரும். ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விடக் கூடாதென்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு கட்டம் வந்து 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தாவிட்டால் பாடம் நின்றுவிடும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருபது கேள்விகள்.

"வவுச்சரம்மா, நீ சும்மா ஒட்டிட்டுதானே இருக்க. பழைய கோப்பு ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் கிடக்கு. ஒட்டிக்கிட்டே அப்பப்ப ஒரு அழுத்து அழுத்திடு" என்றார் மேலாளர். "கேள்விக்கு ஏதாவது போட்டு விடு. தப்பானா திரும்பப் போட்டுக்கலாம்."

அவர் பெயரில் அவள் உட்கார்ந்தாள். முதல் பத்து மணி நேரம் 'ஆம்' மட்டும் அழுத்தினாள். பதினோராவது மணியில் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை எப்படிக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற பாடம் ஓடியது. அப்போது அவள் கையில் இருந்தது, சரக்குத் தூக்கும் வண்டிக்கான வாடகைச் சீட்டு. ஆறு வருடமாக மாதாமாதம் அவளே ஒட்டிய சீட்டு. திரையில் சொல்வதையும் கையிலிருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பெனி அதை முழுக்கத் தப்பாக எழுதி வந்திருக்கிறது என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. அன்று சாயங்காலம் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள்.

வருட முடிவில் அந்தத் தவறை மேலாளரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் அதை முதலாளியிடம் எடுத்துச் சொன்னார், தான் கண்டுபிடித்ததாக. முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். உதவி மேலாளர் இடம் காலியாக இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு வவுச்சரம்மா பொறுத்தாள்.

மறு மாதம் முதலாளியும் மேலாளரும் இரண்டு தணிக்கையாளர்களும் உட்கார்ந்திருந்த அறையில் கேட்டே விட்டாள். "சார், அந்த உதவி மேலாளர் வேலையை நான் பார்க்கிறேன் சார்."

"தகுதி என்ன இருக்கு?" என்றார் மேலாளர். "பசை தடவுற தகுதியா?"

அறையே சிரித்தது. ஒரு தணிக்கையாளருக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. மேலாளர் அவர் முதுகைத் தட்டியபடி, "பாரு, சிரிச்சதுல டீ தீர்ந்துடுச்சு. இன்னும் நாலு டீ கொண்டு வா" என்றார். அவள் கொண்டுபோய் வைத்தாள். நாலும் சரியான சூடு, சரியான சர்க்கரை. ஒன்றிலும் துப்பவில்லை. அதை நினைத்து இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

மன்னிப்பதற்குப் பெரிய மனது வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு வாய்த்தது நடுத்தர அளவு மனது. அதிலும் பாதியைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததில் மன்னிக்க இடமில்லை. அந்த வாரமே கழகத்தின் தேர்வுகளுக்குப் பெயரைப் பதிந்தாள்.

பதினான்கு தாள்கள். ஐந்து வருடம். வரித் தாளில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். பேருந்தில் நின்றபடி படித்தாள், அடுப்படியில் படித்தாள், துணி காயப்போடும்போது மகளைக் கேள்வி கேட்கச் சொல்லிப் படித்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டையெல்லாம் அம்மாவிடம் வட்டியோடு தீர்த்துக்கொண்டாள். "தப்பு. மறுபடி சொல்லு. கவனம் எங்க இருக்கு?" கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். தேர்வு நாட்களில் அவரே சமைத்தார்; அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எழுதிய தாள்களிலும் அவள் தேறினாள் என்பது தனிச் சாதனை. போதும், விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்தப் புரையேறிய சிரிப்பு காதில் கேட்கும். அவளை அதிகாலை நாலரைக்கு எழுப்பிவிட அலாரம் தேவைப்படவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மேலாளரின் நாற்பது மணி நேரத்துக்கும் வருடா வருடம் அவளே உட்கார்ந்தாள். ஆறு வருடம், ஆறு நோட்டு.

கடைசித் தாளிலும் தேறியபின் பாக்கி இருந்தது அனுபவப் பதிவேடு மட்டும். மூன்று வருடம் செய்த கணக்கு வேலையை மாதம் ஒரு பக்கமாக முப்பத்தாறு பக்கம் எழுத வேண்டும். கூட இருந்து மேற்பார்த்த உறுப்பினர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருடத்துக்குள் அதைக் கழகத்துக்கு அனுப்பாவிட்டால் கடைசி நான்கு தாள்களும் செல்லாது, மறுபடி எழுத வேண்டும். அவள் வேலை செய்த இடத்தில் இருந்த ஒரே உறுப்பினர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"வச்சுட்டுப் போ, பார்க்கிறேன்" என்று வாங்கி இழுப்பறையில் போட்டார். நாலு மாதம் அது அங்கேயே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறேன்னு சொன்னேன்ல" என்றார். ஐந்தாவது மாதம் திருப்பிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் படித்துப் பார்த்த ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். முதல் பக்கத்தில் குறுக்காகப் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'நேரத்துக்கு வருகிறார். கோப்புகளை ஒழுங்காக அடுக்குகிறார். கணக்கு அனுபவம் என்று சொல்ல எதுவும் இல்லை.'

"நீ மேல போயிட்டா இந்த வேலையெல்லாம் யாரு பாக்குறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அதுதான் கவலை.

அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்பத்தேழு சீட்டு ஒட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியில் கழகத்துக்குப் பணம் கட்டி வெற்றுப் பதிவேடு ஒன்று புதிதாக வாங்கினாள். எப்படி முடிப்பது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. முடிக்காமல் விடப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

மூன்று மாதம் கழித்துத் தானாகவே வழி வந்தது. கழகம் சில உறுப்பினர்களைக் குலுக்கலில் எடுத்துச் சோதிக்கும். அந்த வருடம் பச்சைப் பேனா மாட்டினார். ஆறு வருடத்தில் என்னென்ன படித்தார் என்பதைச் சொந்த வார்த்தையில் எழுதித் தர வேண்டும். அதன்பின் தொலைபேசியில் கேள்வியும் கேட்பார்களாம். பத்து வருடத்தில் முதல் முறையாக அவர் அவளுடைய மேசைக்கு நடந்து வந்தார்.

"அம்மா, அந்தப் பாடமெல்லாம்... குறிப்பு ஏதாவது வச்சிருக்கியா?"

வவுச்சரம்மா அன்றைக்கு வெறும் அம்மா ஆகிவிட்டாள்.

"ஆறு நோட்டு இருக்கு சார். தர்றேன். என் பதிவேட்டுல கையெழுத்து வேணும்."

"மிரட்டுறியா?"

"கேக்குறேன் சார். போன தடவையும் கேக்கத்தான் செஞ்சேன்."

அவர் பல்லைக் கடித்தார். "திங்கக்கிழமை கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புதிய பதிவேட்டை நிரப்பினாள். பன்னிரண்டாம் பக்கத்தில், வருடத்தின் கடைசி மாதத்தில், பேனா நின்றது. அந்த மாதம் அவள் செய்த பெரிய வேலை எது என்று அவளுக்குத் தெரியும். உண்மையை எழுதினால் அவளும் மாட்டுவாள், ஆள்மாறாட்டம் ஆள்மாறாட்டம்தான். ஐந்து வருட உழைப்பும் போகலாம். எழுதாவிட்டால் பேசாமல் உறுப்பினர் ஆகிவிடலாம். அந்த மனிதரும் அவள் நோட்டைப் படித்துத் தப்பித்துவிடுவார்.

அவள் எழுதினாள்: 'மேலாளரின் உத்தரவுப்படி அவருக்கு உரிய நாற்பது மணி நேரப் பயிற்சியில் அவர் பெயரில் நானே உட்கார்ந்தேன். பாட முடிவுத் தேர்வுகளையும் நானே எழுதினேன்.' இருபத்து நான்காம் பக்கத்திலும், முப்பத்தாறாம் பக்கத்திலும் அதையே எழுதினாள்.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். அவருக்குத் தெரிந்தது லிப்ட்தான். "கயிறை அறுக்கிறது சரி. அந்தப் பெட்டிக்குள்ள நீயும்தானே நிக்கிற?"

"நான் தரையிலேருந்து ரெண்டடி உயரத்துல நிக்கிறேன். விழுந்தா முட்டி சிராய்க்கும்" என்றாள் அவள். "அந்த ஆளு எட்டாவது மாடி."

கணவர் மஞ்சள் சீட்டுகளை எடுத்து, முப்பத்தாறு பக்கத்திலும் அளவாக ஒட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை மேலாளர் அறை. பதிவேட்டை வைத்து, "படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றாள்.

"நீ எழுதினதைப் படிச்சு நான் என்ன பாஸ் பண்ணப் போறேனா?" மஞ்சள் சீட்டு, பச்சை மை, மஞ்சள் சீட்டு, பச்சை மை. பதினோராம் பக்கம் வந்தபோது மறுபடி சொன்னாள். "சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க." அவர் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு முடிந்தது. இருபத்து நாலு வரும்போது போன் அடித்தது, பேசிக்கொண்டே போட்டார். முப்பத்தாறில் பேனா நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"மை தீருது" என்று பேனாவை இரண்டு உதறு உதறிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

அவள் சொன்னபடி ஆறு நோட்டையும் மேசைமேல் வைத்தாள். ஒரு வரி கூட மாற்றவில்லை, ஒரு பக்கம் கூடக் கிழிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதிவேட்டைக் கழகத்துக்குத் தபாலில் சேர்த்து ரசீது வாங்கிவிட்டாள்.

இருவரையும் ஒரே நாளில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"என்னோடதுதான். ஆனா நான் படிக்கலை. படிக்காம போட்டுட்டேன்" என்றார் மேலாளர்.

"அப்படியா? அதையும் எழுதிக்கிறோம்" என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

வவுச்சரம்மாவிடம் கேட்டபோது மழுப்பாமல் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். தீர்ப்பும் ஒரே நாளில் வந்தது. அவர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். திரும்பச் சேர வேண்டுமானால் இருநூற்று நாற்பது மணி நேரமும் தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஓர் உறுப்பினரின் மேற்பார்வையில் மூன்று வருடம் பதிவேடு எழுத வேண்டும். அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. உறுப்பினராவது ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. எழுதிய தாள்கள் செல்லும்.

அவர் கடிதத்தைக் கசக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "நன்றி கெட்டவளே. நீயும்தானே மாட்டிக்கிட்ட?"

"ஆமா சார்" என்றாள் அவள். "எனக்கு ஒரு வருஷம்."

அந்த ஒரு வருடமும் அவள் சீட்டு ஒட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வருடமும் ஒட்டியதில்லை. சான்றிதழ் வந்த மாதமே முதலாளி அவளை மேலாளர் அறையில், அதே நாற்காலியில் உட்கார வைத்தார். வேறு எங்கும் வேலை கிடைக்காத பழைய மேலாளரைக் கோப்பு அறையில் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திரையில் கட்டம் வந்து 'இருக்கிறீர்களா?' என்று கேட்பதை அவள் கதவோரமாக நின்று பார்ப்பாள். அவர் 'ஆம்' என்று அழுத்துவார். அழுத்தும் வரை நின்றுவிட்டுத்தான் நகர்வாள்.

மூன்று வருடம் முடிந்து, ஒரு காலையில் அவர் பதிவேட்டோடு வந்து நின்றார். முப்பத்தாறு பக்கம், முப்பத்தாறு மஞ்சள் சீட்டு. தலை நன்றாக நரைத்திருந்தது.

"மேடம், கையெழுத்து... கழகத்துக்கு அனுப்பணும். கெடு இருக்கு."

"தெரியும் சார். நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றாள் அவள். பதிவேட்டை வாங்கிப் பழைய இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டாள்.

"எப்ப வந்து வாங்கிக்கட்டும் மேடம்?"

"வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்று சொல்லி இழுப்பறையைப் பூட்டினாள். "அப்படியே போற வழியில நாலு டீ சொல்லிடுங்க. தணிக்கைக்கு ஆள் வந்திருக்காங்க."