கட்டிலருகே இருந்தவள்

பழைய புரொஜெக்ஷன் டி.வி.க்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் புதுக்கடைப் பக்கம் யாரும் சிரிக்காமல் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் பீரோ அகலம் இருக்கும். தூக்க நாலு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் கப்பலில் போட்டு அனுப்பியவை அவை. அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறிய படக்குழாய்கள் இருக்கும். அவற்றின் வெளிச்சம் பின்னாலுள்ள கண்ணாடியில் பட்டு, முன்னால் பெரிய திரையில் ஒரே படமாகச் சேரும். மூன்று நிறமும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அது சரியாக விழுகிற நொடிக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்த மாமனார் கட்டிய புகைப்புரை காலியாகக் கிடந்தது. இப்போது அதில் ஏழு டி.வி.க்கள் நிற்கின்றன. ஏழாவது தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்தது.

அது இருந்த வீட்டின் சொந்தக்காரர் போனில் கூப்பிட்டார். மஸ்கட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்.

"டீச்சர், எங்க வீட்ட இடிச்சுப் புதுசா கெட்டப் போறோம். ஹால்ல ஒரு பெரிய டி.வி. கிடக்கு. நீங்க எடுப்பியளா?"

என் வீட்டுக்காரரும் சுமட்டுக்காரர்கள் மூவரும் நானுமாக லோடு ஆட்டோவில் போனோம். டி.வி.யை வெளியே இறக்கும்போது மஸ்கட்காரரின் தங்கை தையல் மிஷினுக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு தாய்வீட்டிலேயே தங்கிவிட்டவர். ஐம்பது வயது இருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டீச்சரே, இது இனியும் எரியுமா?"

"எரிய வச்சிடலாம்," என்றேன். அவர் டி.வி.யின்மேல் கிடந்த துணியை எடுத்து, மடித்து, திரும்ப விரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே சூடு தணிக்க ஒரு திரவம் இருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூசணம் பிடிக்கும். இந்த டி.வி.யில் மூன்றிலுமே பாசி மாதிரி ஏதோ மிதந்தது. வடித்து, கழுவி, புதிதாக ஊற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன். சர்க்யூட்டில் விட்டுப்போன ஈயப் பற்றுகளை மறுபடி வைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஆனி மாத மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சுவிட்சைப் போட்டு, திரை முழுவதும் வெறும் வெள்ளை வரும்படி சிக்னல் கொடுத்தேன்.

வெள்ளை வரவில்லை. ஒரு அறை வந்தது.

கம்பி போட்ட ஜன்னல். அதன் கீழ் ஒரு கட்டில். கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஒரே படம் வருடக்கணக்காக ஓடினால் அது குழாயில் பதிந்துவிடும். வெளிச்சம் ஓயாமல் விழுந்த இடம் தேய்ந்து கறுக்கும். இருட்டாக இருந்த இடம் புதிதாகவே இருக்கும். அதனால் பதிந்த படம் போட்டோ நெகட்டிவ்போல வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். கட்டில் விரிப்பு கரியாகக் கிடந்தது. நாற்காலியில் இருந்தவள் பளிச்சென்று ஒளிர்ந்தாள். முகம் இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரர் வாசலோடு நின்றார்.

"ஏட்டி, அது ஆரு இருக்கது?"

"குழாய்ல பதிஞ்ச படம். பழைய கேமரா படமா இருக்கும்."

"அத அணை முதல்ல," என்றார். காப்பியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அணைக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். படுத்திருந்தவரின் உடம்பு கலங்கலாக இருந்தது. அசைகிற எதுவும் அப்படித்தான் பதியும். உட்கார்ந்திருந்தவளின் விளிம்போ கத்தரித்தது போல இருந்தது. உயிருள்ள யாரும் வருடக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. இதற்கு மட்டும் என் பாடத்தில் விடை இல்லை.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் போன் செய்தேன்.

"உம்மா ஆறு வருசம் கிடப்புல கிடந்தா டீச்சர்," என்றார் அண்ணன்காரர். "மாடியில உள்ள முறியில கிடந்தா. தங்கச்சி கீழ இருந்து தைப்பா. அவளுக்குத் தெரியட்டுன்னு நான்தான் கேமரா வச்சு ஹால் டி.வி.ல கொடுத்தேன். அத அணைக்கதே இல்ல."

"உம்மா பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இருப்பாவளா?"

"ஆரு இருக்கா? ஆரும் இல்லாததுக்குத்தானே கேமரா."

அவரிடம் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதை அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள், மழைக்கு நடுவே பஸ் ஏறி, அந்தத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சரே, எனக்குக் காட்டுங்க," என்றார்.

போட்டேன். திரையின் முன்னால் குடையைக்கூட மடக்காமல் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது நான்தான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் இல்ல," என்றார்.

அவர் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினேன்.

"உம்மாக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பக்கத்துல ஆளு இருக்கா இல்லியான்னு மட்டும்தான் தெரியும். மேல போனா கையப் பிடிச்சுக்கிடுவா, விடமாட்டா. நான் எத்தன நேரம்தான் இருக்க? ஒரு நாளு, தலையணைய நாற்காலியில சாய்ச்சு வச்சு எனக்கக் கறுத்த பர்தாவ அதுல போட்டேன். அன்னைக்கு ஒரு நாளைக்குன்னுதான் வச்சேன்."

"உம்மா அதுகிட்ட பேசுவாவளா?"

"பேசுவா. கீழ எனக்குக் கேக்கும். பதில் கிட்டலன்னா, 'உறங்கிட்டியா மோளே'ன்னு கேட்டுட்டு சும்மா கிடப்பா." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணன் லீவுக்கு வந்தா எடுத்து மாற்றிடுவேன். அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பிறகு திரையில் கட்டிலின் தலைமாட்டைத் தொட்டார்.

"இங்க எதுக்கு ரெண்டு தலை?"

உண்மையிலேயே இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று நாற்காலிப் பக்கம் திரும்பியது. மற்றது எங்களை நேராகப் பார்த்தது. அதன் கண்குழிகள் இரண்டு வெளிச்சப் பொட்டுகளாக இருந்தன.

"ரெண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பியிருப்பாவ. அதிக நேரம் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தாவளோ, அது தெளிவா பதிஞ்சிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆசிரியப் புத்தி, கேட்டால் பதில் வந்துவிடுகிறது. தெளிவாக இருந்தது எங்களைப் பார்த்த முகம். நாற்காலிப் பக்கம் இருந்தது வெறும் புகைபோலத்தான் இருந்தது.

"கேமராவுல ஒரு சின்ன செவப்பு லைட்டு உண்டு," என்றார் மெதுவாக. "அது தெரியுதுன்னு உம்மா சொல்லியிருக்கா. அப்போ அறிஞ்சிருக்கா டீச்சரே. அங்க இருக்கது நான் இல்லன்னும், நான் கீழ இருந்து டி.வி.ல பாக்கேன்னும் அறிஞ்சிருக்கா."

மழை விட்டது. கிளம்பும்போது கேட்டார்: "இத மாய்க்க முடியுமா?"

"முழுசா அழிக்கவா?"

"உம்மா கிடக்கட்டு. நாற்காலியில உள்ளத மட்டும்."

முடியும். ஆனால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. தேயாமல் புதிதாக இருக்கும் அந்த இடத்தை மற்ற இடங்களின் அளவுக்குத் தேய்க்க வேண்டும். திரையைப் படமெடுத்து, நாற்காலியையும் அதில் இருந்தவளையும் மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து, சுற்றிலும் கறுப்பாக்கி, அந்த உருவத்தை மட்டும் வெள்ளையாக்கி, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து டி.வி.டி. பிளேயரில் ஓடவிட்டேன். அவளை அழிப்பதற்காக அவளை மட்டும் ஏற்றி வைக்க வேண்டியதாயிற்று. இருண்ட புகைப்புரைக்குள் பகல் முழுவதும் ஒரு முகமில்லாத பெண் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற ஆறு டி.வி.க்களின் திரைகளிலும் மங்கலாக அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் வாரம் ரப்பர் வெட்ட வருகிறவர் கொல்லைப்புறமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், புரைக்குள்ள ஒரு பெண்ணு இருக்கே, ஆரு அது? குடிக்க வெள்ளம் கேட்டு விளிச்சேன், ஒரு வார்த்த மிண்டவே இல்ல."

"சொந்தக்காரங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

வாரம் ஒருமுறை வெள்ளைத் திரை போட்டுப் பார்ப்பேன். விளிம்பு முதலில் போயிற்று. பிறகு தோள். கடைசிவரை நின்றது மடிதான். தலையணையின் அடிப்பாகம் மடிபோலவே இருந்தது. ஏழு வாரத்தில் அதுவும் சுற்றியிருந்த சாம்பல் நிறத்தோடு கலந்தது. போன் செய்தேன். மறுநாளே வந்தார்.

திரையில் ஜன்னலும் கட்டிலும் இருந்தன. புகைபோன்ற தலை, ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தெளிவான தலை எங்களைப் பார்த்தது.

"உம்மா தனிச்சாயிட்டா," என்றார்.

அவர் எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார், அது இதுவல்ல என்று மட்டும் புரிந்தது. நான் செய்த வேலையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்யாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"நிறுத்திடுங்க டீச்சரே," என்றார். நிறுத்தினேன். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது வீட்டில் கீழேயே அவருக்கு ஒரு அறை ஒதுக்கியிருப்பதாக அண்ணன் சொன்னான் என்றார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்தார். பிறகு சட்டென்று விட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்த டி.வி.யை நான் பிறகு போடவில்லை. மூன்று குழாய்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பிரித்து இன்னொன்றில் மாட்ட மனம் வரவில்லை.

போன மாதம் இன்னொரு டி.வி.க்காகக் குளச்சலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வெள்ளை சிக்னல் கொடுக்கும் சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுபோனேன். இப்போதெல்லாம் இப்படித்தான். வீட்டில் உள்ளவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, முதலில் நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். திரையின் அடியில் ஏதோ சேனலின் செய்திப் பட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு முறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.