ரெண்டு கைக்காரர்

அவருக்குப் பத்து விரல்களும் இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீல் தொழிற்சாலைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், அவர் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பாவம், மனிதருக்கு இரண்டு விரலாவது போயிருக்கும், அதனால்தான் இப்படி அடித்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். அப்புறம் ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்ப்பார்கள். எல்லாம் முழுசாக இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

கதவுக்கும் அலமாரிக்கும் மாட்டுகிற கீல்களைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் கூடம் அது. சுவரோரமாகப் பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள், எல்லாம் பழசு. ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் பொத்தான்கள், ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தான் மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாதல்லவா, அதற்காக. மெஷினைச் செய்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் மனுஷப் புத்தியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு சின்ன மர ஆப்பைச் செருகினால் அந்தப் பொத்தான் அமுங்கினபடியே நிற்கும். ஒரு கை அமுக்க, மறு கை தகட்டைத் தள்ள, வேலை இரட்டை வேகத்தில் ஓடும். அன்றைக்கு உரிய பெட்டிகளை நிரப்பியவர்கள் வீட்டுக்குக் கிளம்பலாம் என்பது அந்தக் கூடத்து வழக்கம். ஆறு மணிக்குப் பதிலாக நாலு மணிக்கே கிளம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த ஆப்புகளைத் தேடிப் பிடுங்குவதுதான் அவருடைய வேலை. பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று சட்டையில் எழுதியிருக்கும், ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் ரெண்டு கைக்காரர்தான். “ரெண்டு கை! ரெண்டு கை!” என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே நடந்தால் வேறென்ன பேர் வைப்பார்கள்? ஆப்பு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்ணாடிக் கூட்டுக்குள், ஷூவுக்குள், கொண்டைக்குள், தண்ணீர் பாட்டிலின் உறைக்குள். மனிதருக்கு மோப்ப சக்தி என்று பேசிக்கொள்வார்கள். மோப்பமும் இல்லை, மந்திரமும் இல்லை. கொண்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவரே ஒளித்து வைத்தவர். மேற்பார்வையாளர் ஆவதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஐந்தாம் மெஷினில் நின்றவர் அவர். அந்தக் காலத்தில் அவரை முந்த ஆளில்லை.

பழைய கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருந்திய மனிதர் என்றால் நமக்கெல்லாம் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் அவர் முழுசாகத் திருந்தவில்லை. யாராவது லீவு போட்டால் அந்த மெஷினில் அவர் நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் சட்டைப் பையிலிருந்து தன் பழைய ஆப்பை எடுத்துச் செருகி, ஒரு பத்து நிமிஷம் அடித்துத் தள்ளுவார். அவசரம் ஒன்றும் கிடையாது, வீட்டுக்குச் சீக்கிரம் போகவும் முடியாது. சும்மா, அந்த வேகத்தின் சுகத்துக்காக. கை இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் அற்ப ஆசை. பிறகு ஆப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்தவர் ஆப்பைப் பிடுங்கக் கிளம்பிவிடுவார். வாய் கூசாதா என்றால், கூசும். ராத்திரி சாப்பிடும்போது சில நாள் சோறு இறங்காது. ஆனாலும் மறுநாள் காலையில் கத்துவார், முந்தின நாளைவிடச் சத்தமாக.

ஒருநாள் ஏழாம் மெஷின்காரி, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்கச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் வந்தாள். அவர் மேற்பார்வையாளர் ஆன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், பதினோரு வருஷமாக அவரிடம் திட்டு வாங்குகிறவள். முதுகைக் காட்டி நின்று ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார் மனிதர். அவள் கூப்பிடவில்லை. பின்னால் நின்று இருபது கீல் விழுகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம்தான் தொண்டையைச் செருமினாள்.

அவளுக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் காய்ச்சல் கொதித்த நாளில், எப்படியாவது நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று அவள் ஆப்பைச் செருகியிருந்தாள். அவர் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கெஞ்சிப் பார்த்தாள், மனிதர் மசியவில்லை. ஆறரை மணிக்கு அவள் வீட்டுக்குப் போனபோது பிள்ளை வாந்தியெடுத்துக் களைத்துத் தூங்கியிருந்தது. அதை எந்தத் தாய் மறப்பாள்?

சாப்பாடு முடிவதற்குள் விஷயம் பன்னிரண்டு மெஷினுக்கும் போய்விட்டது. அன்று மாலை அவர் நடந்து வர வர, ஒவ்வொருவரும் அவர் கண் முன்னாலேயே ஆப்பை எடுத்துச் செருகினார்கள். அவர் ஒன்றையும் பிடுங்காமல் நடந்தார். யாரோ பின்னாலிருந்து “ரெண்டு கை!” என்று அவர் குரலிலேயே கத்த, கூடம் முழுக்கச் சிரித்தது.

இங்கே எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதே கூடத்தில் மூன்றாம் மெஷின்காரர் ஒருவர் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒளிவுமறைவில்லாமல் ஆப்பு வைத்து அடிக்கிறவர். பிடுங்கினால் அடுத்ததைச் செருகுவார். புதிதாக வருகிறவர்களுக்குச் செதுக்கிக்கூடக் கொடுப்பார். அவரைப் பற்றிக் கேட்டால், மனசில் ஒன்று வெளியில் ஒன்று வைக்காத மனிதர் என்பார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினோரு வருஷமாக நல்லதைக் கத்திவிட்டு அதில் தானே தவறியவர்தான் அயோக்கியர், வேஷக்காரர், மூஞ்சியில் முழிக்கக் கூடாதவர். ஒன்றுமே சொல்லாமல் தப்பு செய்தால் நேர்மை. நல்லதைச் சொல்லிவிட்டு அதே தப்பைச் செய்தால் பாவம் இரண்டு மடங்கு. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் செய்தது தப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தப்புதான்.

அவரே எழுதிக் கொடுத்துவிட்டார், தனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று. மேலாளர் அவரைப் பொட்டலம் கட்டும் அறைக்கு மாற்றினார். விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். படியில் ஓடாதே என்று மகளைத் திட்டிவிட்டு நீங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறதை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அதற்காகப் பிள்ளையை ஓடச் சொல்லவா முடியும் என்றாள். அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை. கீலைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி டேப் ஒட்டும்போதெல்லாம், பக்கத்துக் கூடத்தில் மெஷின் விழும் வேகத்தைக் காது தானாகக் கவனித்தது. டக், டக், டக் என்று மூச்சு விடாமல் விழுந்தது. பன்னிரண்டிலும் ஆப்பு இருக்கிறது என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. யாருக்காவது கை போனால் அது தன்னால்தான் என்று நினைத்து நினைத்து மனிதர் பாதியாகிப் போனார்.

அவர் இடத்துக்கு வந்த புதியவர் அப்பழுக்கில்லாதவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஆப்பைத் தொட்டதில்லை, ஏனென்றால் மெஷினையே தொட்டதில்லை. கூடத்தின் நடுவில் நின்று விதிகளை வாசிப்பார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அவர் வருகிறபோது ஆப்பு ஷூவுக்குள் போகும், போனதும் வளையத்துக்குள் வரும். ஷூவுக்குள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது வாரம், ஒருநாள் முற்பகலில், பொட்டல அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏழாம் மெஷின்காரி உள்ளே வந்தாள். ஒரு கையுறையை அவருக்கு முன்னால் மேஜையில் போட்டாள். கனத்த தோல் உறை. அதன் இரண்டு விரல்கள் காகிதம் மாதிரி தட்டையாகியிருந்தன.

அவருக்கு வாய் குழறியது. “கை?”

அவள் வலக்கையைக் காட்டினாள். ஐந்து விரலும் இருந்தன. ஸ்டோரில் பெண்கள் அளவு தீர்ந்துபோனதால் ஆம்பிளைகள் உறையைக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பு வைத்து அடித்தபோது அச்சு உறையின் விரல்மேல் இறங்கிவிட்டது, தொளதொள என்று இருந்ததால் கை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

“மூணாம் மெஷின்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? உனக்கு யோகம்தான்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாரு. நீங்க கூடத்துக்கு வாங்கண்ணே.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரச் சொல்ற? நான் சொன்னத நானே கேக்கலையேம்மா.”

“நீங்க கேக்கல. நான் கேட்டேன்ல, பதினோரு வருஷம்?” இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். “எண்ணிக்கோங்க.”

அவரால் எண்ண முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கத்தாலா நிம்மதியாலா என்று அவருக்கே தெரியவில்லை. அவளோ இரங்குகிறவளாக இல்லை.

“மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்த அன்னிக்கு நீங்க செஞ்சது எம் மனசுல அப்படியேதான் இருக்கு. அதுக்காக எங்க கையெல்லாம் போகட்டும்னு உக்காந்திருப்பீங்களா?”

அவள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, அவரையே திரும்பக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி மேலாளரிடம் போனாள். புதியவருக்கும் அதில் நிம்மதிதான், அலுவலகத்தில் அவருக்கு வேறு நாற்காலி கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ரெண்டு கைக்காரர் கூடத்துக்குள் நுழைந்தபோது யாரும் சிரிக்கவில்லை, யாரும் வரவேற்கவும் இல்லை. முதல் மெஷினுக்கு அவர் போவதற்குள் ஏழாம் மெஷின்காரி குறுக்கே வந்து உள்ளங்கையை நீட்டினாள். அவருக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஆப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். இருபத்தைந்து வருஷம் விரல் பட்டுப்பட்டு வழவழவென்று ஆன சின்ன மரத்துண்டு. அதை அவள் எல்லோரும் பார்க்கப் பிடுங்கிய ஆப்புகளைப் போட்டுவைக்கும் பெட்டியில் போட்டாள். இனிமேல் தினமும் முதலில் சோதிப்பது அவர் பையைத்தான் என்றாள். அவரும் சரி என்றார்.

பிறகு அவர் முதல் மெஷினுக்குப் போகவில்லை. நேராக ஏழாம் மெஷினுக்குப் போனார். குனிந்து, அவள் உட்காரும் ஸ்டூலின் பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கை வெளியே வந்தபோது விரலிடுக்கில் ஒரு ஆப்பு இருந்தது, புத்தம் புதுசு.

“இது எப்போ?”

அவள் தரையைப் பார்த்தாள். “காலையில. சும்மா, இருக்கட்டுமேன்னு.”

அவர் அவளைத் திட்டவில்லை. திட்ட எங்கே இடம்? அந்த ஆப்பையும் அதே பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று வாரமாக அடைத்துக் கிடந்த தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ரெண்டு கை!” என்று கூடம் அதிரக் கத்தினார். ஏழாம் மெஷின்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பொத்தான்கள் மேல் வைத்தாள்.