ஆள் இருக்கிற வீடு

மலேசியாவில் பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கம்பம் என்று அங்கே சொல்லும் கடலோரக் கிராமம் ஒன்றில் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தேன். எந்த ஊரிலும் அதற்குமேல் எனக்குக் கால் தரிப்பதில்லை. பக்கத்தில் மாக் மண்டின் என்ற இடத்தில் ஒரு பட்டறையில் இரும்பு தூக்கினேன்.

கம்பத்து வீடுகள் தென்னந்தோட்டத்து ஆட்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை. ரோடு வந்ததும் கடல்பக்க வாசலை அடைத்து ரோட்டுப்பக்கம் திறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பிறை நகரில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்கள். வீடுகளை அறை அறையாகத் தடுத்து எங்களைப் போன்ற கூலி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

பக்கத்து அறையில் ஓர் அக்கா பல வருஷமாகக் குடியிருந்தார். இறால் உரிக்கும் கூலிவேலை. தனி ஆள். வீடுகளை இடிப்பதற்காகக் கம்பத்து நிலத்தை வாங்கிய கம்பெனி, இப்போது குடியிருப்பவர்களுக்கு மட்டும் மாற்று வீடு தருவதாகச் சொன்னபோது அவர் நம்பினார்.

“எனக்கு ஒரு ரூம் போதும் லா தம்பி. உள்ள பூட்டிக்கிட்டுத் தூங்கணும், அவ்ளோதான்.”

யார் குடியிருக்கிறார்கள் என்று அதிகாரி பார்வையிட வருகிற காலையில் எங்கள் வீட்டுக்காரர் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். கொடியில் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைக் காயப்போட்டார்கள். சாமி படம் மாட்டினார்கள்.

“மாமா, கக்கூஸ் எங்க?” என்றாள் மருமகள்.

“மெதுவா கேளு. நீ இங்கதான இருக்க!”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அண்ணே, என் பேரயும் சொல்லுங்க” என்றார் அக்கா.

“சொல்றேன் லா. நீ மொதல்ல தேத்தண்ணி கலக்கு.”

அதிகாரி வந்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்காவைக் காட்டி யார் என்று மலாயில் கேட்டார். வேலைக்காரி என்றார் வீட்டுக்காரர். இல்லை, இங்கே குடியிருப்பவர் என்றேன் நான். வேலைக்காரியா என்று அதிகாரி அக்காவிடமே கேட்டார்.

வீட்டுக்காரர் மனைவி தமிழில், சிரித்த முகமாக, “ஆமான்னு சொல்லு. வீடு கெடச்சா ஒனக்கு ஒரு ரூம் குடுக்காமயா போய்டுவோம்?” என்றார்.

அக்கா ஆமாம் என்றார். அதன்பிறகு என் பேச்சு எடுபடவில்லை.

வீட்டுக்காரருக்கு மாற்று வீடாக ஒரு ஃப்ளாட் கிடைத்தது. வீட்டைக் கம்பெனி இடிக்குமுன் தகரத்தைக் கழற்ற மகனோடு லாரியில் வந்தார்.

“அண்ணே, அந்த ரூமு?”

“எந்த ரூமு? அத வாடகைக்கு விட்டாச்சு.”

அக்காவின் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மகன் கூரைமேல் ஏறினான். பழைய கூரை ஒழுகியதால் சமையலறைக்கு மட்டும் அக்கா தன் காசில் புதுத் தகரம் போட்டிருந்தார். அவன் முதலில் அதைத்தான் பிடுங்கினான்.

“அது என் தகரம்ண்ணே.”

“வேலக்காரிக்கு ஏது லா தகரம்? ஒன் வாயாலதான சொன்ன?”

துருவும் ஆணியும் பானைக்குள் விழுந்தன. அக்கா மூடியால் மூடினார். அதற்குள் சோறு கெட்டுப்போயிருந்தது.

ஆற்று முகத்துவாரத்தில், வேறு கம்பத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். அக்காவை அங்கே அழைத்துப் போனேன். மேடெல்லாம் அவர்கள் பிடித்துவிட்டார்கள்.

“இங்க எடமில்ல. சேத்துப்பக்கம் பாரு” என்றாள் ஒருத்தி, குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே.

அலை ஏறுகிற இடத்தில் நாலு கம்பு நட்டுக் கொடுத்தேன். பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டினோம். அடுத்த வாரம் நான் தைப்பிங் ஊருக்குப் போய்விட்டேன்.