தண்ணி டிபார்ட்மெண்ட் சம்பந்தி

ஐயம்பெருமாளுக்கு நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைத் தொட்டிகளுக்கு ஏற்றிவிடுவதுதான் பதினாறு வருஷப் பிழைப்பு. தாத்தா காலத்தில் வயலும் வண்டியுமாக இருந்த சைவக் குடும்பம். அதனால் யார் கேட்டாலும் ‘தண்ணி டிபார்ட்மெண்ட்’ என்பார். சாயங்காலம் நிலையத்துக் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

1994-ல் மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா பாலசுப்பிரமணியன் ஓய்வுபெற்ற வாத்தியார். தாமிரபரணியில் ஐந்து மைல் கீழே அவர் ஊர்.

“குடிதண்ணி குடுக்குத உத்தியோகம். புண்ணியம்லா” என்று அவர் சந்தோஷப்பட்டபோது, ஐயம்பெருமாள் வெற்றிலைத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமான இரண்டாம் கோடையில் நிலையத்தின் இரண்டு பம்புகளும் அடுத்தடுத்து எரிந்துபோயின. மோட்டார்கள் மதுரைக்கு லாரியேறின. “அது வர்ற வரைக்கும் ஷட்டரத் தூக்கி ஓடையில விட்டுரும்வே” என்றார் என்ஜினியர். ஐயம்பெருமாள் மதகுப் பலகையைத் தூக்கினார். ஊர்க் கழிவு அப்படியே ஓடை வழியாக ஆற்றில் இறங்கியது. நாலு நாள் என்றது இருபத்திரண்டு நாளாயிற்று. ஆற்றில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான்.

பாலசுப்பிரமணியன் வீடு தேடி வந்தார்.

“சம்மந்தி, ஆத்துல ஒரு மாதிரி வாடை அடிக்கு. ஒங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லி தெருவுல எல்லாரும் சொல்லுதாவ. குடிக்கலாமா?”

உண்மையைச் சொன்னால், திறந்துவிட்டது யார் என்றும் சொல்லியாக வேண்டும்.

“கோடையில பாசி அழுகுத வாடை, சம்மந்தி. நல்ல தண்ணிதான். வேணும்னா கொதிக்க வச்சுக் குடிங்க.”

வாத்தியார் ஊருக்குப் போய் ‘நல்ல தண்ணி’யை மட்டும் சொன்னார்.

ஆடி மாதம் அந்தத் தெருவில் பதினொரு வீட்டில் மஞ்சள் காமாலை. விஜயஸ்ரீயும் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஐயம்பெருமாள் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் மனைவியைச் சேர்த்திருந்த நடராஜ் எழுந்து வந்தான். வாத்தியாரின் பக்கத்து வீட்டுக்காரன்.

“அண்ணாச்சி, நீங்களே சொல்லிட்டதால காரணம் ஆத்துத் தண்ணி இல்லன்னு ஆயிப்போச்சு. பெறவு எதுலேருந்துதான் வந்திருக்கும்?”

அவன் கேட்டதில் குத்தலே இல்லை. அதுதான் ஐயம்பெருமாளால் தாங்க முடியாமல் போயிற்று.

“ஆத்துத் தண்ணியிலேருந்துதான்” என்றார். “நான் சாக்கடைத் தண்ணி பம்ப் ஆபரேட்டர். நாந்தான் ஆத்துக்குத் தொறந்துவிட்டேன். தெரிஞ்சேதான் நல்ல தண்ணின்னேன்.”

விஜயஸ்ரீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியார்தான் பேசினார்.

“வேலைய மறச்சதுல ஒண்ணுமில்ல. எந்த வேலை பாத்தாலும் சோறுதான திங்கோம். ஆனா நான் வீடு வீடாப் போய்ச் சொன்னேனே, சம்மந்தி சொல்லிட்டாருன்னு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடப்பேன்?”



ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். விசாரணையில் ஐயம்பெருமாள் ஆஸ்பத்திரியில் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தண்டனையாக வரிப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேலே ஃபேன் ஓடும் நாற்காலி. மனைவி சண்முகசுந்தரிக்கு மட்டும் ஆறுதல்.

“இனிமே யாருகிட்டயும் மறைக்க வேண்டாம்லா.”



விஜயஸ்ரீ தேறிவிட்டாள். தீபாவளிச் சீர் கொண்டுபோனபோது வாத்தியார் குறையில்லாமல் உபசரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். தெருவில் புதிதாக போர்வெல் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் சமையலுக்கு ஆகுமா ஆகாதா என்று வாசலில் நாலு பேர் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் ரேஷன் கார்டு சந்தேகத்துக்குக்கூட சம்பந்தியைக் கேட்கும் வாத்தியார், அன்றைக்கு ஐயம்பெருமாள் பக்கம் திரும்பவே இல்லை.