தொண்டியில் காணாமல் போன பிரியாணி

போன ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நானோ முதுகுளத்தூர் கடையில், பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நின்றபடி செல்போனை முறைத்துக்கொண்டிருந்தேன். தொண்டியிலிருந்து மட்டும் அழைப்பு வரக் கூடாது... வந்தால் ஒரு கடை கையை விட்டுப் போய்விடும்!

எங்களுக்கு ஒரே பெயரில் மூன்று சாப்பாட்டுக் கடைகள். முதுகுளத்தூர் என் பொறுப்பு. ராமேஸ்வரத்தில் இருப்பது சைவக் கடை. என் மனைவியின் தம்பி முருகேசன் பார்க்கிறான். தொண்டியில் பிரியாணிக் கடை. கூட்டாளி சாகுல் பார்க்கிறார். மூன்றிலும் பில் மெஷின் உண்டு. அதில் டோக்கன் அடித்து உள்ளே நீட்டினால்தான் இலையில் சாப்பாடு விழும்.

முதலில் அந்தந்த மெஷினுக்கு அந்தந்தக் கடையில்தான் செட்டிங்ஸ். சுதந்திரம்தான். ஆனால் கடையின் போன் நம்பரை மாற்றியபோது இரண்டு மெஷினில் மாற்றினோம், மூன்றாவதை மறந்தோம். தொண்டி பில்லில் பழைய நம்பர். அது வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தப் புண்ணியவான் வாரக்கணக்கில் "மட்டன் சுக்கா இல்லீங்க, இது வீடு" என்று பதில் சொல்லியிருக்கிறார்!

சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். மதுரையிலிருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வனிதா அப்படியே செய்து கொடுத்தார். ஓரிடத்தில் மாற்றினால் மூன்று கடையிலும் மாறும். எவ்வளவு வசதி!

தை அமாவாசை வரும் வரை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. தை, ஆடி போன்ற பெரிய அமாவாசைகளில் ராமேஸ்வரம் கடையில் வெங்காயம், பூண்டு கிடையாது. விரதச் சாப்பாடு மட்டும்தான். முருகேசன் காலையிலேயே அந்தப் பட்டியலை மெஷினில் ஏற்றிவிட்டுக் கும்பிடு போட்டிருக்கிறான். மதியம் சாகுல் அழைத்தார்.

"அண்ணே, என்னண்ணே இது? ஜும்மா முடிஞ்சு சனம் வந்து நிக்குது. மெஷின்ல பிரியாணியக் காணோம்!"

"அடுப்புல இருக்குல்ல?"

"அடுப்புல தம்முல கெடக்கு. மெஷின்ல வாழைக்காப் பொரியலும் பாசிப்பருப்புப் பாயாசமும்ல காட்டுது! 'என்ன பாய், இன்னைக்கு நீங்களும் விரதமா?'ன்னு ஒருத்தன் கேட்டுட்டுப் போறான். எதுத்த கடையில சிரிக்கிறாங்கண்ணே!"

காலண்டர் தாளைக் கிழித்துக் கையால் டோக்கன் எழுதிச் சமாளித்திருக்கிறார். பார்சல் கேட்டவருக்கு இலை, இலை கேட்டவருக்குப் பார்சல். பாதிக் கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் மறுபடி அழைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆடி அமாவாசைக்கும் இப்படி ஆச்சுன்னா, வந்து சாவிய வாங்கிக்கிடுங்கண்ணே. நான் தனியாக் கடை போட்டுக்கிறேன்."

"தொண்டிக்கு மட்டும் பழையபடி தனியா வச்சுருவோமா?"

"அப்ப போன் நம்பரு மறுபடி மறந்துபோகும். நான் ஒண்ணு கேக்கேன்... உப்ப அண்டாவுல கொட்டிப்புட்டு, வேணாங்கிறவன் எடுத்துக்கிடுங்கன்னா எப்படிண்ணே? சோறு எல்லாருக்கும் ஒண்ணுதான். உப்ப இலையோரத்துல வைங்க!"

நான் போனில் பேசவே கூச்சப்படுகிறவன். மதுரைக்குப் பேச வேண்டுமே! மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வனிதாவை அழைத்தேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. சாகுல் சொன்ன உப்பும் சோறும்தான் வந்தது.

அந்தப் பக்கம் சிரிப்பு.

"செய்யலாம் சார். பேரு, போன் நம்பர், வரி இதெல்லாம் பொது. சாப்பாட்டுப் பட்டியல் அந்தந்தக் கடையோட சொந்தம். ரெண்டும் மோதினா சொந்தம்தான் ஜெயிக்கும். பொதுவுல கை வச்சா, 'மூணு கடைக்குமா?'ன்னு மெஷின் ஒரு தடவை கேக்கும்."

"ராமேஸ்வரத்துல கூட்டம் சேந்தா நெட் போயிருமே..."

"கடைசியா வந்த செட்டிங்ஸை அங்கயே ஒரு காப்பி வச்சிக்கும் சார். நெட் இல்லைன்னாலும் ஓடும்."

குடும்பங்களிலும் சண்டை இந்த இடத்தில்தானே பிறக்கிறது? எது பொது, எது சொந்தம் என்று பிரித்து வைக்காமல், ஒன்று எல்லாவற்றையும் அவரவர் இஷ்டத்துக்கு விடுகிறோம்... இல்லை, ஒருத்தர் விரதத்தை ஊருக்கே ஏற்றிவிடுகிறோம்.

இப்போது ஆடி அமாவாசைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வேறு. தொண்டியில் பிரியாணிக்கு அதைவிடப் பெரிய நாள் ஏது?

முதலில் முருகேசன்தான் அழைத்தான். "மச்சான், இங்கன நெட்டு சுத்தமாப் போயிருச்சு!"

"மெஷினு?"

"அது பாட்டுக்கு ஓடுது! விரதச் சாப்பாடு டோக்கனு அடிச்சு மாளல. வைங்க, அப்புறம் பேசுறேன்!"

பாதி வெற்றி. இங்கே முதுகுளத்தூரில் பாதிப் பேர் விரதம், மீதிப் பேருக்குப் பரோட்டா. அதுவும் மெஷினில் சரியாக இருந்தது. ஆனால் தொண்டி?

மூன்று மணிக்குப் போன் அடித்தது. சாகுல்! மாவுக் கையோடு எடுத்தேன்.

"அண்ணே, சீரகச் சம்பா தீந்துபோச்சு. நாளைக்கு மூடை அனுப்புவீங்களா?"

"அனுப்புறேன். மெஷின்ல ஒண்ணும்...?"

"மெஷினுக்கு என்ன?"

"இல்ல, இன்னைக்கு அமாவாசை..."

"இன்னைக்கா? நெசமாவா? எனக்குத் தெரியவே தெரியாதேண்ணே! அண்டாவக் கழுவிக் கவுத்தியாச்சு!"

"அப்ப அந்தச் சாவி..."

"எந்தச் சாவி?"

போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பரோட்டாக் கல்லுக்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டம் போட்டேன்.

நல்ல செட்டிங்ஸுக்கு அடையாளம் என்ன என்று யாராவது கேட்டால் இனி நானே சொல்வேன் — பக்கத்து ஊர்க் கடைக்கு அமாவாசை என்றே தெரியக் கூடாது!