சுண்ணாம்பு அடித்து நின்ற சுவர்

போன வாரம் தேனியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே ஒருவர் மதில்சுவருக்கு வெள்ளையடித்து ‘இயேசு வருகிறார்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். ‘வரு’ வரைக்கும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஈரச் சுண்ணாம்பின் வாசனை மட்டும் சாலையைத் தாண்டி வந்தது. எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சின்னமனூர் பக்கம் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த புதிது. வருசநாட்டு மாப்பிள்ளையைப் பேசி முடித்து, கிறிஸ்துமஸ் கழித்துக் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அப்பாவே வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஆள் வைத்தால் நீலம் சரியாகக் கலக்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர் பாதிச் சுவரில் வெள்ளையடிக்கும் மட்டையைக் கீழே வைத்துவிட்டார். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரின் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து அப்படி. கிறிஸ்துமஸுக்குள் ஆண்டவர் வந்துவிடுவார் என்று அந்த மனுசர் அடித்துச் சொல்லியிருந்தார்.

“இனிமே எதுக்கு வெள்ளையும் கல்யாணமும்?” என்றார் அப்பா.

“வரட்டுமே. வந்தாகன்னா அவுகளுக்கும் ஒரு எல போடுவோம்” என்றாள் அம்மா. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பைத்தியக்காரர் இல்லை. முந்தைய வருசம்தான் சித்தப்பா, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப் உருண்டு இறந்துபோனார். அடக்கத்தன்று அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தல்காரனிடம் நாற்காலிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஆண்டவர் வந்தால் செத்தவர்கள் எழுந்திருப்பார்கள். அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். தம்பியைப் பார்க்க வேண்டும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள், ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால் யாரையும் காணோம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டவர் வந்து எல்லாரையும் எடுத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடியதால் அதைப் பிடிக்கப் போயிருந்தார்கள்!

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. அப்பா பிடிகொடுக்கவில்லை. நான் வெளியே வீறாப்பாகத் திரிந்தேன், உள்ளே பொசுங்கினேன்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் சித்தி வந்தாள். எங்கள் திராட்சைப் பந்தலோடு சித்தப்பாவின் பந்தலையும் அப்பாதான் பார்த்துவந்தார். கொடியை வெட்டிவிடும் கவாத்துப் பருவம் தப்பிக்கொண்டிருந்தது. வெட்டாவிட்டால் காய்ப்பு இல்லை. சித்திக்கு இரண்டும் பொட்டைப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன.

“கவாத்து எதுக்கும்மா இனி?” என்றார் அப்பா.

சித்தி சத்தம் போடவில்லை. “அவுகளப் பாக்கப் போறீகல்ல மச்சான்? பாத்ததும், ‘எம்பிள்ளைகளுக்கு என்னண்ணே செஞ்ச’ன்னு கேட்டாகன்னா என்ன சொல்லுவீக?”

அப்பா பாதி வெள்ளையடித்த அந்தச் சுவரில் சாய்ந்து, அடக்கத்தன்று அழாத அழுகையையெல்லாம் அன்று அழுதார். அம்மா முந்தானையால் அவர் முதுகில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள். சித்தி உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

மத்தியானமே அப்பா கத்திரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார். சித்தியின் கொடிகளை முடித்துவிட்டுத்தான் எங்கள் கொடிகளில் கை வைத்தார். சுவரும் வெள்ளையானது, நீலம் கொஞ்சம் தூக்கலாக.

கிறிஸ்துமஸ் வந்தது. பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்த அப்பா வானத்தை ஒருதரம் பார்த்தார். மேகமலைப் பக்கம் பளிச்சென்று வெயில். பெருமூச்சு விட்டு அம்மாவிடம் சொன்னார்: “நல்லவேளத்தா. தண்ணி கட்டுற வேல பாக்கி கெடக்கு.”

நான் சிரித்தேன். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் அந்தக் கோயில் வாசலிலேயே இறங்கிவிட்டது. ஜனவரியில் என் கல்யாணம். பந்தியில் சித்தியின் மகள்கள்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

அதற்குப் பிறகும் அப்பா நம்பிக்கையை விடவில்லை. வருவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ‘எப்போது’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார். சித்தியின் இரண்டு பிள்ளைகளும் படித்து, கல்யாணமாகிப் போகும்வரை அந்தப் பந்தலை விடவில்லை.

இன்று அங்கே வாழை நிற்கிறது. பந்தல் கல்தூண்களை யாரோ வேலிக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அப்பாவும் சித்தியும் கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டை அத்தனை ஆட்டிவைத்த அந்த ‘எப்போது’ என்ற கேள்வி எந்த வருசம் எங்களை விட்டுப் போனது என்று தெரியவில்லை. போனதை யாரும் தேடவும் இல்லை.