பெட்சீட்டுக்குப் பின்னால் இரண்டு அம்ப்ளிஃபயர்

கல்முனையில் என் காதின் அருமை தெரியாதவர்கள் குறைவு. நானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். புது அம்ப்ளிஃபயர் வாங்கி வந்த அன்றே, ஸ்பீக்கர் சரியான இடத்தில் நிற்க வேண்டுமென்று மனைவியின் தையல் மெஷினை யன்னலடியிலிருந்து இருட்டு மூலைக்குத் தள்ளிவிட்டேன். அது அவளுடைய சீதன வீடு என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"பழையதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குக் கேக்கல்ல," என்றாள் அவள். "பாக்காமக் கேட்டு எது எண்டு சொல்லுங்க பாப்பம். பிழைச்சா என்ட மெஷின் யன்னலடிக்கு வரணும்."

எனக்கென்ன பயம்? ஹோலின் நடுவே பெட்சீட்டைக் கட்டினோம். அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகளோடு என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, உட்கார்ந்தான். சத்தம் கூடின பெட்டிதான் காதுக்கு நல்லதாகப் படும் என்பதால், இரண்டின் சத்தத்தையும் போனில் அளந்து ஒன்றாக்கினேன். ஒரே பாட்டு, பத்துத் தரம். எதை மாட்டுவது என்பது மச்சானின் இஷ்டம். நான் சொல்வதை மனைவி கொப்பியில் எழுதினாள்.

பத்தும் சரி.

"ஓம், நான்தான் விளங்காமக் கதைச்சிட்டன்," என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் முதல் இரண்டும் குருட்டாம்போக்கில் சரிவந்தவை. மூன்றாம் தரம் விஷயம் பிடிபட்டுவிட்டது. புதுப் பெட்டியில் கைவைக்கும்போது மட்டும் மச்சான் வாய்க்குள் "பிஸ்மில்லாஹ்" என்றான். அதற்குப் பிறகு பாட்டை யார் கேட்டது?

உண்மையைச் சொல்லிவிட்டேன். மச்சான் பெட்சீட்டுக்கு மேலால் தலையை நீட்டினான்.

"விலை கூடின சாமான் மச்சான். பிஸ்மி சொல்லாம எப்பிடிக் கைய வெக்கிற?"

"அப்ப பழையதுக்கு?"

"அது உடைஞ்சா உடையட்டும்."

இரண்டுக்கும் பிஸ்மி சொல்ல வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பத்தில் நாலு சரி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதைவிடக் கூட வந்திருக்கும்.

மெஷினை நானே தூக்கிப்போய் யன்னலடியில் வைத்தேன். அவள் உடனே உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இரிக்கு," என்றாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப ஓடுறது எந்தப் பெட்டி?"

நான் எழும்பிப் போய், பெட்சீட்டை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.